‘குடும்ப விஷயம்’ என்ற பூட்டு

தீவிரப் பெண்ணியம் பெண்ணடிமையின் வேரை எங்கே தேடுகிறது? பினாங்குத் தமிழர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

பினாங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கிறது. அடுத்து ஒரு பெண்ணின் அலறல். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறக்கிறது. உடனே சாத்தப்படுகிறது. “அது புருஷன் பெண்டாட்டி விஷயம். நமக்கு எதற்கு வம்பு?” என்று உள்ளிருந்து ஒரு குரல். மறுநாள் காலையில் அந்தப் பெண் மின்தூக்கியில் நிற்கிறார். கன்னம் வீங்கியிருக்கிறது. “குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்” என்கிறார். கேட்டவர்கள் நம்பியதுபோல் தலையாட்டுகிறார்கள்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதையல்ல. ஜோர்ஜ்டவுன், பட்டர்வொர்த், பிறை என்று எந்த வட்டாரத்திலும், எந்த இனத்திலும், எந்த மதத்திலும் நடக்கக்கூடியது. இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அடித்தது ஒருவர். ஆனால் அந்த அடியை மூடி மறைத்தது எத்தனை பேர்? எதிர்வீட்டுக்காரர், மின்தூக்கியில் தலையாட்டியவர்கள், ‘பொறுத்துப் போ’ என்று புத்தி சொல்லும் தாய், ‘மானம் போய்விடும்’ என்று தடுக்கும் அண்ணன், ‘சமாதானமாகப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பும் பெரியவர் என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. இத்தனை பேரும் கையில் வைத்திருப்பது ஒரே பூட்டுத்தான். அதன் பெயர் ‘குடும்ப விஷயம்’.

அந்தப் பூட்டை உடைக்க முயன்ற சிந்தனைக்குத்தான் தீவிரப் பெண்ணியம் என்று பெயர்.

மூன்று பதில்கள்

பெண் ஏன் ஆணுக்குக் கீழே வைக்கப்பட்டாள் என்ற கேள்விக்குப் பெண்ணியவாதிகள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

முதல் பதில் மிதவாதப் பெண்ணியத்தினுடையது. சட்டமும் கல்வியும் பெண்ணுக்குச் சமவாய்ப்பு தரவில்லை. வாக்குரிமை, பள்ளிக்கூடம், சம ஊதியம் ஆகியவை கிடைத்துவிட்டால் நிலைமை சீராகும் என்கிறது அது. இரண்டாவது பதில் மார்க்சியப் பெண்ணியத்தினுடையது. தனியுடைமையும் முதலாளித்துவமும்தான் பெண்ணடிமைக்குக் காரணம். உழைப்புச் சுரண்டல் ஒழிந்தால் பெண்ணும் விடுதலை பெறுவாள் என்பது அதன் வாதம்.

தீவிரப் பெண்ணியம் மூன்றாவது பதிலைச் சொன்னது. ஆண் பெண்ணை ஆள்வது இன்னொரு கொடுமையின் பக்க விளைவு அல்ல. அதுவே தனியொரு ஆட்சிமுறை. அதற்கு ஆணாதிக்கம் என்று பெயர். அந்த ஆட்சி நடப்பது நாடாளுமன்றத்தில் மட்டுமல்ல. சமையலறையில், படுக்கையறையில், பிரசவ அறையில், பேசும் மொழியில் நடக்கிறது. சட்டத்தைத் திருத்தினாலும் சம்பளத்தை உயர்த்தினாலும் இந்த இடங்களில் அதிகாரம் மாறாவிட்டால் பெண்ணின் நிலை மாறாது.

‘தீவிரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ராடிக்கல்’ என்ற சொல், ‘வேர்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக, இது வேரைத் தேடும் பெண்ணியம்.

நியூயார்க்கில் கூடிய பெண்கள்

இந்தச் சிந்தனை ஓர் இயக்கமாக உருவெடுத்தது 1960களின் இறுதியில், அமெரிக்காவில். கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்திலும் வியட்நாம் போர் எதிர்ப்பிலும் ஈடுபட்ட இளம்பெண்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். ஊருக்கெல்லாம் விடுதலை பேசிய தோழர்கள், கூட்டம் முடிந்ததும் தேநீர் போடுவதற்குப் பெண்களைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். 1967இல் ‘நியூயார்க் தீவிரப் பெண்கள்’ என்ற குழு உருவானது. 1969இல் ‘ரெட்ஸ்டாக்கிங்ஸ்’ என்ற குழு வந்தது.

இந்தக் குழுக்கள் ஓர் எளிய முறையைக் கையாண்டன. பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையிலிருந்து பதில் சொல்வார்கள். ‘விழிப்புணர்வு வட்டம்’ என்று இதைச் சொல்லலாம். முதலில் ஒவ்வொருத்தியும் தன் துன்பத்தைத் தன் தலைவிதி என்றே நினைத்திருப்பாள். பத்தாவது பெண் பேசி முடிக்கும்போது, பத்துப் பேர் கதையும் ஒன்றுபோல் இருப்பது தெரியவரும். தலைவிதி பத்துப் பேருக்கு ஒரே அச்சில் வார்க்கப்படுமா? வார்த்த கை ஒன்று இருக்க வேண்டுமல்லவா?

நம் தோட்டப்புறங்களிலும் இப்படி ஒரு வட்டம் இருந்தது. அது குழாயடி. தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் வந்த பெண்கள் அங்கேதான் மனம்விட்டுப் பேசினார்கள். ஆண்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஊர்வம்பு’. பெண்கள் தம் அனுபவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதை வம்பு என்று ஒதுக்கிவிட்டால் அதிலிருந்து கேள்வி எதுவும் பிறக்காது. நியூயார்க் பெண்கள் அந்த ‘வம்பை’யே அரசியலாக்கினார்கள்.

அக்குழுவைச் சேர்ந்த கேரல் ஹேனிஷ் 1969இல் எழுதி, 1970இல் வெளிவந்த கட்டுரை, தனிவாழ்வில் நடப்பதும் அரசியலே என்ற கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. அதே 1970இல் இரண்டு முக்கியமான நூல்கள் வந்தன. ஆண், பெண் உறவே ஓர் அதிகார உறவு என்று கேட் மில்லட் எழுதினார். பிள்ளைப்பேறு பெண்ணின் உடலோடு கட்டப்பட்டிருப்பதுதான் அடிமைத்தனத்தின் தொடக்கம் என்றும், அறிவியல் அந்தச் சுமையிலிருந்து அவளை விடுவிக்க வேண்டும் என்றும் ஷுலமித் ஃபயர்ஸ்டோன் வாதாடினார். 1975இல் சூசன் பிரவுன்மில்லர், பாலியல் வல்லுறவு என்பது காமத்தின் மிகுதியால் நடப்பதல்ல, பெண்களை அச்சத்தில் வைத்திருக்கும் அதிகாரக் கருவி என்று காட்டினார். வேலையிடத்துப் பாலியல் தொல்லை தனிமனிதச் சேட்டை அல்ல, பாகுபாடு என்று 1979இல் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் நிறுவினார்.

பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய கருத்து

‘இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டலாம். அது 1929 டிசம்பர். அந்த மாதம் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர் ஈ.வெ.ராமசாமி. தந்தை பெரியார் என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர் அவர்தான். துணைவியார் நாகம்மையாரும் உடன் வந்தார். மலாயாவில் பல ஊர்களுக்கும் சிங்கப்பூருக்கும் அவர்கள் சென்றார்கள்.

அந்தப் பயணத்துக்குப் பத்து மாதங்களுக்கு முன்புதான், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவை அங்கே தீர்மானங்களாயின. அக்காலத்திலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் எழுதிய கட்டுரைகள் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலாயின.

அந்த நூல் தொடும் பொருள்களைப் பாருங்கள்: கற்பு, காதல், திருமணம், மறுமணம், விபசாரம், கைம்மை, சொத்துரிமை, கர்ப்பத்தடை. கற்பு உயர்ந்தது என்றால் அது ஆணுக்கு ஏன் கட்டாயமில்லை என்று பெரியார் கேட்டார். அன்று கர்ப்பத்தடையை ஆதரித்தவர்களில் பலர் தாயின் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் காரணமாகக் காட்டினார்கள். பெரியாரோ பெண்ணின் சுதந்திரத்தையே முதல் காரணமாக வைத்தார். பிள்ளைபெறும் கட்டாயம் இருக்கும்வரை பெண் பிறரைச் சார்ந்தே நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். நியூயார்க்கில் ஃபயர்ஸ்டோன் இதே முடிச்சைத் தொட்டது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ‘ஆண்மை’ என்ற கருத்தே அழிந்தாலொழியப் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றுதான் அந்த நூல் முடிகிறது. வேர்வரை போன வாதம் அது.

1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, நீலாம்பிகை அம்மையார் தலைமையில் அவருக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கியது. அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மொழியில் ஒளிந்திருக்கும் ஆட்சி

ஆணாதிக்கம் தடியைக் கொண்டு மட்டும் ஆள்வதில்லை, சொல்லைக் கொண்டும் ஆள்கிறது என்பது தீவிரப் பெண்ணியத்தின் இன்னொரு பாடம். அதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியதில்லை.

கணவனை விட்டு வந்த பெண்ணுக்கு ‘வாழாவெட்டி’ என்று பெயர். மனைவியை விட்டு வந்த ஆணுக்கு என்ன பெயர்? குழந்தை இல்லாத பெண்ணை ‘மலடி’ என்று வீட்டு விசேஷங்களில் ஒதுக்குகிறார்கள். குறை ஆணிடம் இருந்தாலும் வசை அவளுக்குத்தான். ‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ என்ற பழமொழிக்கு இணையாக மனைவியைப் பற்றி ஒரு பழமொழி உண்டா? ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்கிறார்கள். அணைக்கும் கை எதற்காக அடிக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ‘சேலை முள்ளில் பட்டாலும், முள் சேலையில் பட்டாலும் சேதம் சேலைக்குத்தான்’ என்ற பழமொழி இன்னும் கொடுமையானது. சேதம் யாருக்கு என்று சொல்லும் அந்த வாக்கு, முள்ளை வெட்டுவது பற்றி வாய் திறப்பதே இல்லை.

சம்பளம் வந்தது, விடுதலை வந்ததா?

பெண் சொந்தக் காலில் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்கப் பினாங்கைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. பன்னாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. நுண்ணிய வேலைக்குப் பெண்களின் விரல்களே பொருத்தம் என்று சொல்லி, கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். முதன்முறையாக அந்தப் பெண்களின் கையில் சொந்தச் சம்பளம். அது சிறிய மாற்றம் அல்ல.

ஆனால் சம்பளத்தோடு இன்னொன்றும் வந்தது. இரவு வேலை முடிந்து வரும் இந்தப் பெண்களுக்கு, குறிப்பாக மலாய்ப் பெண்களுக்கு, ‘மீனா காரான்’ என்று ஒரு கேலிப் பெயரைச் சூட்டினார்கள். ‘காரான்’ என்றால் மின்சாரம். மின்னணு ஆலையில் வேலை செய்பவள் என்பதோடு, ஒழுக்கம் தவறியவள் என்ற குத்தலும் அதில் இருந்தது. அதே ஆலையில் அதே இரவில் வேலை செய்த ஆணின் ஒழுக்கத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அவள் சம்பளம் குடும்பத்துக்கு வேண்டும். அவள் சுதந்திரம்தான் குடும்பத்துக்கு வேண்டாம். எட்டு மணி நேர வேலை முடிந்து வீடு திரும்பினால், அங்கே அடுப்பும் துணியும் பிள்ளைகளும் காத்திருந்தன. பொருளாதாரம் பூட்டின் ஒரு பகுதியைத்தான் திறந்தது. மற்றப் பகுதி வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மனைவியை உடைமையாகப் பார்த்த சட்டம்

சட்டம் நடுநிலையானது என்ற நம்பிக்கையையும் தீவிரப் பெண்ணியம் கேள்விக்குள்ளாக்கியது. இதற்கும் உள்ளூரிலேயே உதாரணம் உண்டு.

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 498ஆவது பிரிவு, பிரிட்டிஷார் 1860இல் இந்தியாவுக்காக இயற்றிய சட்டத்தின் வழி வந்தது. திருமணமான பெண் என்று தெரிந்தும், தகாத உறவு நோக்கத்தோடு அவளைக் கணவனிடமிருந்து கவர்ந்து செல்வது குற்றம் என்றது அது. அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் கருதியது கணவனை மட்டுமே. தன் கணவனை வேறொருத்தி கவர்ந்துவிட்டாள் என்று மனைவி வழக்குப் போட அதில் இடமில்லை. மனைவிக்கென்று ஒரு விருப்பம் இருக்கக்கூடும் என்ற எண்ணமும் இல்லை. மாட்டை ஓட்டிச் சென்றவன்மீது மாட்டுக்காரன் புகார் கொடுப்பதுபோல் இருந்தது சட்டம். ஆண்கள் மிகுந்தும் பெண்கள் குறைந்தும் இருந்த அக்காலத் தோட்டங்களில், கணவனை விட்டு விலக நினைத்த தமிழ்ப் பெண்களைச் சுற்றி இத்தகைய வழக்குகள் எழுந்தன.

இந்தப் பிரிவு எப்போது ஒழிந்தது தெரியுமா? 2023 டிசம்பரில்தான். அது பால் அடிப்படையில் பாகுபாடு காட்டுகிறது, அரசியலமைப்பின் 8ஆவது விதிக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அந்த 8ஆவது விதியில் பால் வேறுபாடு கூடாது என்ற சொல் சேர்ந்ததே 2001இல்தான்.

1985: பினாங்கில் திறந்த கதவு

கருத்து வகுப்பறையில் இருந்தால் போதாது, அடிபட்ட பெண்ணுக்கு இரவில் தங்க இடம் வேண்டும். இந்த வகையில் 1985ஆம் ஆண்டு மலேசியப் பெண்களுக்கு ஒரு திருப்புமுனை.

1982இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் மகளிர் உதவி நிறுவனம் அடைக்கலம் தரத் தொடங்கியிருந்தது. 1985 மார்ச்சில் பல மகளிர் அமைப்புகளும் தொழிற்சங்கப் பெண்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து, பெண்களுக்கெதிரான வன்முறை பற்றி ஒரு பெரிய பட்டறையும் கண்காட்சியும் நடத்தினார்கள். அந்தக் கூட்டு நடவடிக்கைக் குழு இன்றும் இயங்குகிறது. அதே 1985இல் பினாங்கில் மகளிர் நெருக்கடி மையம் பிறந்தது. இன்று அது ‘மாற்றத்துக்கான மகளிர் மையம்’ என்று பெயர்பெற்று, ஜோர்ஜ்டவுனில் ஆலோசனையும் தற்காலிக அடைக்கலமும் நீதிமன்றத் துணையும் வழங்கி வருகிறது.

அதை வளர்த்தவர்களில் ஒருவர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஹானா அரிஃபின். பினாங்கில் நடந்த பாலியல் வல்லுறவுகளை ஆராய்ந்து 1997இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘வெட்கம், இரகசியம், மௌனம்’ என்று பொருள்படும். அந்த மூன்று சொற்களும்தான் பூட்டின் மூன்று சாவிகள். பாதிக்கப்பட்டவள் வெட்கப்படுகிறாள்; குடும்பம் இரகசியம் காக்கிறது; ஊர் மௌனம் காக்கிறது. குற்றவாளிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

இப்படிப்பட்ட அமைப்புகள் எல்லோருமே தங்களைத் தீவிரப் பெண்ணியவாதிகள் என்று அழைத்துக்கொண்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கையில் எடுத்த கருவி அந்தச் சிந்தனை தந்ததுதான்: வீட்டில் விழும் அடி சமுதாயத்தின் பிரச்சினை.

சட்டப் புத்தகத்தில் ஏறிய மாற்றங்கள்

1987இல் கோலாலம்பூரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தெழுந்தது. வல்லுறவை எதிர்த்துப் பொதுமக்கள் இயக்கம் நடந்தது. 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் ஒரு பகுதியாக, சாட்சிச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் கடந்தகால உறவுகளை நீதிமன்றத்தில் இஷ்டத்துக்குக் கிளறுவதை அது கட்டுப்படுத்தியது. ‘அவள் எப்படிப்பட்டவள்?’ என்ற கேள்வியிலிருந்து ‘அவன் என்ன செய்தான்?’ என்ற கேள்விக்கு நீதிமன்றம் ஓர் அடி நகர்ந்தது.

1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில், பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் சிகிச்சை, போலீஸ் புகார், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் மையம் தொடங்கியது. பின்னர் அந்த ஏற்பாடு நாட்டின் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. அதே 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவான சட்டம் அது. பத்தாண்டுக் காலம் பெண்கள் அலைந்து திரிந்து பெற்றது. பின்னர் மனரீதியான கொடுமையும் அதில் சேர்க்கப்பட்டது. 2018 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரியே ஏழு நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்கலாம். விசாரணை முடியும்வரை அந்தப் பெண் அடிப்பவனோடு அதே வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையிடத்திலும் வெளியிலும் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச்சட்டம் 2022இல் நிறைவேறியது.

‘குடும்ப விஷயம்’ என்று போலீஸ் நிலையத்திலிருந்து ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப இன்று சட்டத்தில் இடமில்லை.

இன்னும் திறக்காத அறை

ஆனால் ஓர் அறை மட்டும் இன்னும் பூட்டியே கிடக்கிறது. அது படுக்கையறை.

மனைவி ஒருமுறை சம்மதித்துத் தாலி கட்டிக்கொண்டால் அது வாழ்நாள் முழுவதற்குமான சம்மதம் என்பது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேலின் கருத்து. அது சட்டமாகி, காலனி நாடுகளுக்கெல்லாம் பரவியது. இங்கிலாந்து 1991இல் அதைக் கைவிட்டது. சிங்கப்பூர் 2020 ஜனவரி முதல் நாளில் கைவிட்டது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 375ஆவது பிரிவில் அந்த விதிவிலக்கு இன்றும் இருக்கிறது. 2007இல் 375ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உறவுகொள்வதற்காக மனைவியைக் காயப்படுத்தினாலோ மிரட்டினாலோ ஐந்தாண்டு வரை சிறை என்றது அது. கவனியுங்கள்: காயமும் மிரட்டலும்தான் அங்கே குற்றம். அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னதை மீறியது வல்லுறவு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமும் பழைய விதிவிலக்கை அப்படியே எடுத்துக்கொண்டது.

திருமணமானவளின் உடல் யாருக்குச் சொந்தம்? தீவிரப் பெண்ணியம் கேட்ட இந்த அடிப்படைக் கேள்விக்கு நம் சட்டம் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை.

வேரைத் தேடியவர்கள் தவறவிட்டது

இந்தக் கொள்கை குறையற்றது என்று சொல்ல முடியாது. அதன்மீது வந்த வலுவான விமர்சனங்களில் பல பெண்களிடமிருந்தே வந்தவை.

எல்லாப் பெண்களும் ஒரே விதமாக ஒடுக்கப்படுகிறார்கள் என்று பேசியது வெள்ளைக்கார நடுத்தர வர்க்கப் பெண்களின் பார்வை என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எடுத்துக்காட்டினார்கள். 1977இல் ‘காம்பாகி ரிவர்’ குழு வெளியிட்ட அறிக்கை, இனம், வர்க்கம், பால் என்ற நுகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைச் சொன்னது. மூன்றாம் உலகப் பெண்களை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த ‘பாவப்பட்ட பெண்’ணாகக் காட்டும் மேல்நாட்டு எழுத்தை 1980களில் சந்திரா தல்பாடே மொஹந்தி கடுமையாக விமர்சித்தார்.

தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அவளை அடக்கியது கணவன் மட்டுமல்ல. ஆணைவிடக் குறைந்த கூலி கொடுத்த துரை, வரிசையில் நிறுத்தி அதட்டிய கங்காணி, சாதி பார்த்த சொந்தக்காரர்கள், ஏழை என்று ஒதுக்கிய நகரம் என்று அவள்மேல் பல சுமைகள். வீடும் வேலையும் தோட்டத்துடையது. கணவனை விட்டு வெளியேறினால் இரண்டும் போகும். துரையிடம் தலைகுனிந்து வந்தவன் வீட்டில் கை ஓங்கினான். ஆணாதிக்கத்தை மட்டும் பேசினால் அவள் கதையில் பாதிதான் வரும். அதற்காக மற்றதை மட்டும் பேசி, வீட்டில் விழுந்த அடியை ‘வறுமையால் வந்தது’ என்று மன்னித்துவிட்டால், மறுபாதி காணாமல் போகும். வறுமை இல்லாத வீட்டிலும் கை ஓங்கத்தான் செய்கிறது.

ஆண்களை எதிரிகளாகப் பார்க்கிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆண்களை விட்டு முற்றிலும் விலகி வாழ வேண்டும் என்று பேசிய சிலரும் அந்த இயக்கத்தில் இருந்தார்கள். அந்த வழியைப் பெரும்பாலான பெண்கள் ஏற்கவில்லை. ஆனால் கொள்கையின் மையம் அதுவல்ல. நல்ல கணவர்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் பாதுகாப்பு, அவளுக்கு வாய்த்த கணவனின் நல்ல குணத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. நல்ல எஜமானர் கிடைத்த அடிமையும் அடிமைதான்.

சாவி யார் கையில்?

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார். 2023இல் மட்டும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் தம் கணவர், காதலர் அல்லது குடும்பத்தினரின் கையால் உயிரிழந்ததாக ஐக்கிய நாட்டு அமைப்புகள் மதிப்பிட்டன. ஒரு நாளைக்கு 140 பேர். ‘இரவில் வெளியே போகாதே, ஆபத்து’ என்று மகளுக்குச் சொல்கிறோம். பலருக்கு ஆபத்து வெளியில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

தீவிரப் பெண்ணியத்தின் எல்லாக் கருத்தையும் ஒருவர் ஏற்க வேண்டியதில்லை. குடும்பமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் அது கற்றுத்தந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம். இந்த வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? யாருடைய சம்பளத்தை யார் செலவு செய்கிறார்கள்? யார் கோபப்பட்டால் மற்றவர்கள் வாயை மூடுகிறார்கள்? ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கு உரிமை இல்லை? இவற்றுக்குக் கிடைக்கும் பதில்தான் அந்த வீட்டின் அரசியல்.

மறுபடியும் அந்த அடுக்குமாடிக்கு வருவோம். இன்றிரவும் பாத்திரம் விழும் சத்தம் கேட்கலாம். கதவைத் திறந்து பார்ப்பவர் பெரிய தத்துவம் எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. போய்க் கதவைத் தட்டலாம். போலீசை அழைக்கலாம். அரசாங்கத்தின் ‘தாலியான் காசே’ உதவி எண் 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. மறுநாள் காலையில் மின்தூக்கியில், “வழுக்கி விழுந்துவிட்டேன்” என்று அந்தப் பெண் சொன்னால், தலையாட்டிவிட்டுப் போகாமல், “அம்மா, எங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும்” என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

பூட்டு அவள் வீட்டுக் கதவில் தொங்குவதுபோல் தோன்றும். அதன் சாவி எதிர்வீட்டிலும் இருக்கிறது.